புதன்கிழமைக் கண்டனம்

தொம்! தொம்! தொம்!

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ வெளுத்து வாங்கும் சத்தம்.

"கேட்டியா மேபல்? சினிமாவுலதான் இப்படின்னு நினைச்சேன். வீட்டுலயும் இதே வேலைதான்" என்றார் மிசஸ் தாக்ஸ்டன், பாசடீனா நல்லொழுக்க மாதர் சங்கத் தலைவி.

"அடி வாங்கறவன் சத்தமே போடலியே. மயங்கிட்டானோ?" என்றாள் செயலாளர் மேபல், கொஞ்சம் ஆவலாக.

கேட்டைத் தள்ளிக்கொண்டு இருவரும் பின்பக்கம் ஓடினார்கள்.

ஹாலிவுட் படங்களில் ஊர்ப்பட்ட பேரின் தாடையைப் பெயர்த்த மேக் டெலஹன்ட், கொடியில் தொங்கிய கம்பளத்தைப் பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன். தூசிக்காக மூக்கில் கட்டிய கைக்குட்டை.

"வாங்கம்மா. வீட்டு வேலை பார்க்கற லூபேவுக்கு இடுப்புப் பிடிப்பு. அதான் நானே தூசி தட்டறேன். எலுமிச்சை ஜூஸ் தரட்டுமா?"

"நாங்க ஜூஸ் குடிக்க வரல, மிஸ்டர் டெலஹன்ட். கண்டிக்க வந்திருக்கோம்" என்றார் மிசஸ் தாக்ஸ்டன்.

"கண்டிங்கம்மா."

"உங்களைப் பார்த்து ஊர்ப் பசங்க எல்லாம் கெட்டுப்போறாங்க. தொப்பியைச் சாய்ச்சுக்கிறாங்க. வாயோரமாப் பேசறாங்க. இந்த மேபல் வீட்டுக்காரர் பாதிரியார். இவ பையனே ஞாயிறு வகுப்புல ஒருத்தன் மூக்கை உடைச்சுட்டான்!"

"ரொம்பத் தப்பும்மா."

"போன படத்துல அந்தச் சாராயக்கடையில என்ன அடி!"

"சாராயக்கடை பரவாயில்லைக்கா" என்றாள் மேபல். "கப்பல்ல அந்த ஒத்தைக்கண்ணனுக்கு விழுந்ததே, அதுதான் அடி. இடது கைதானே சார்? ரெண்டாம் தடவை பார்த்தப்பதான் கவனிச்சேன்."

தலைவி செயலாளரை முறைத்தார். "கண்டிக்கறதுன்னா சரியாப் பார்த்துட்டுத்தான் கண்டிக்கணும். அதுக்குத்தான் புதன்கிழமையானா சங்கமே கிளம்பிப் போய்ப் பார்க்குது. இனிமே நீங்க யாரையும் அடிக்கக்கூடாது. இது சங்கத்தோட தீர்மானம்!"

டெலஹன்ட் மூக்குத் துணியை அவிழ்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இதை எழுத்துல கொடுப்பீங்களா?"

"என்னது?"

"அடிச்சு அடிச்சு எனக்கே அலுத்துப்போச்சும்மா. காலையில கண்ணாடியைப் பார்த்தா ஒரு ரௌடிதான் பல் தேய்க்கிறான். எங்க ஸ்டுடியோவுல ஒரு கதை இருக்கு. பனி கொட்டற ஊர்ல பிரசவம் பார்க்கற டாக்டர். யார் மேலயும் கை வைக்க வேண்டாம், குழந்தையைத் தூக்கினாப் போதும். முதலாளிகிட்ட கெஞ்சினேன். 'ஜனங்க உன்கிட்ட அடியைத்தான் கேக்கறாங்க. வேண்டாம்னு ஒரு சங்கமாவது எழுதிக் கொடுக்கட்டும், டாக்டர் கோட்டு உனக்குத்தான்'னார். இந்த வாரத்துக்குள்ள கொடுக்கலேன்னா அது வேற ஆளுக்கு. எனக்கு மறுபடியும் ஜெயில் கதை. மாட்டேன்னு சொல்ல ஒப்பந்தத்துல இடமில்லை."

உள்ளே ஓடினார். தாளும் பேனாவுமாகத் திரும்பி வந்தார். தாளை வைக்க மேஜையைத் தன் ஏப்ரனாலேயே துடைத்தார்.

மிசஸ் தாக்ஸ்டன் சங்கத்தின் பெயரை எழுதினார். தேதி போட்டார். அப்புறம் பேனா நகரவில்லை.

"அந்த டாக்டர் படத்துல... சண்டையே கிடையாதா?"

"மூச்!"

"சாராயம்?"

"இருமல் மருந்துதான்."

"ஒரு கெட்ட பொம்பளை கூடவா இல்லை?" மேபலின் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாரும் கல்யாணமான கர்ப்பிணிங்கம்மா."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவி பேனாவை மூடினார். "செயற்குழுவுல ஒரு வார்த்தை கேட்டுக்கணும்" என்று எழுந்தார்.

டெலஹன்ட் தாளும் பேனாவுமாக கேட் வரைக்கும் பின்னாலேயே போனார். "இப்பதானே தீர்மானம்னீங்க? ஒரு கையெழுத்தும்மா. ஒரே ஒரு கையெழுத்து."

படத்தில் அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. மிசஸ் தாக்ஸ்டனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. மேபலைக் காருக்கு அனுப்பிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"என் வீட்டுக்காரர் நீதிபதி. சினிமான்னாலே பாவம்பார். இவ வீட்டுலயும் அப்படித்தான், சங்கத்துல முக்கால்வாசிப் பேர் வீட்டுலயும் அப்படித்தான். படம் பார்க்கப் போறேன்னா வாசப்படி தாண்ட முடியாது. கண்டிக்கப் போறேன்னாதான் கார் சாவியைக் கையில கொடுக்கறார். கண்டிக்க ஒண்ணுமே இல்லாத படத்துக்கு நாங்க என்னன்னு சொல்லிட்டுக் கிளம்பறது?"

டெலஹன்ட் நீட்டியிருந்த தாளைத் தாழ்த்தினார்.

"நீங்க நல்லவர். பாவமாயிருக்கு. கொண்டாங்க, போட்டுத்தரேன்" என்று கையை நீட்டினார்.

டெலஹன்ட் தாளைப் பார்த்தார். காருக்குள்ளிருந்து மேபல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்மா. அடுத்த படத்துல யாரை அடிக்கட்டும்? அதைச் சொல்லுங்க."

மிசஸ் தாக்ஸ்டன் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்தார். கையுறையை இழுத்து மாட்டினார்.

"கதையில எங்கேயாவது ஒரு நீதிபதி வந்தா..." என்றார். முழுசாக முடிக்காமல், முகம் சிவக்கக் காரில் ஏறிக்கொண்டார்.

கார் போனதும் டெலஹன்ட் கைக்குட்டையை மறுபடி மூக்கில் கட்டிக்கொண்டு, கம்பளத்தை மறுபுறம் திருப்பிப் போட்டார்.