வியாழக்கிழமை நோயாளி

"மாமி, இண்டைக்கு நான் தனியப் போய்ட்டு வாறன்."

"தனியவா? நில்லு புள்ள, நானும் வாறன்."

மாமி உம்மு குல்சூம் அதற்குள் அபாயாவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஆறாவது வியாழக்கிழமையாக இதே கதைதான். ஆலங்குடாவிலிருந்து பஸ் ஏறி, மருமகள் ஃபஹ்மியா புத்தளத்துக்குக் கவுன்சலிங் போகிறாள். மாமியாருக்கு அங்கே என்ன வேலை?

உளவு பார்க்கிற வேலைதான். ஃபஹ்மியாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவள் கண் சிவந்து அறையை விட்டு வெளியே வரும்போது மாமி ஒரு கேள்வியும் கேட்கமாட்டாள். ஃபிளாஸ்கைத் திறந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பாள், அவ்வளவுதான். கேட்காமல் இருப்பதும் உளவின் ஒரு வகை என்று ஃபஹ்மியா முடிவு கட்டியிருந்தாள்.

இன்று பஸ் நிற்கும் இடத்தில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். மாமி நேரே அவர்களிடம் போய்க் குசுகுசுவென்று ஏதோ சொன்னாள். எல்லோரும் திரும்பி ஃபஹ்மியாவைப் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டவும் செய்தாள்.

ஃபஹ்மியாவுக்கு உடம்பே கூசிப்போனது.

"இனி நான் வரமாட்டன் மிஸ். இதுதான் கடைசி." அறைக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டாள்.

கவுன்சலர் மயூரதி பக்கத்து உடப்பு ஊர்ப் பெண். ஸ்கீமா தெரபி என்றால் என்னவென்று முதல் நாளே எளிதாகச் சொல்லியிருந்தாள். சின்ன வயதில் அடிபட்ட மனம் ஒரு முடிவு எடுக்குமாம். வளர்ந்த பிறகும் அதே முடிவை வைத்துக்கொண்டுதான் எல்லோரையும் பார்க்குமாம்.

ஃபஹ்மியாவின் மனம் முடிவெடுத்தது தொண்ணூறாம் ஆண்டில், ஐந்து வயதில். போர்க்காலத்தில் மன்னாரை விட்டு முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டபோது வள்ளத்தில் இடமில்லை என்று, உம்மா அவளை மட்டும் அயல்வீட்டாரோடு ஏற்றிவிட்டாள். கற்பிட்டிக் கரையில் பிள்ளை இரண்டு நாள் அழுதது. மூன்றாம் நாள் உம்மா வந்து சேர்ந்தாள்தான். ஆனால் 'எல்லோரும் என்னை விட்டுட்டுப் போய்விடுவார்கள்' என்ற முடிவு உம்மாவுக்கு முந்தியே வந்துவிட்டது.

அதனால்தான் கட்டாரில் இருக்கும் கணவன் நிஸார் ஒரு மணி நேரம் போன் எடுக்காவிட்டால் இருபது கோல் போகும். மகள் அஸ்கா டியூஷன் விட்டுப் பத்து நிமிடம் பிந்தி வந்தால் வீடு ரெண்டுபடும்.

"ஏன், என்ன நடந்தது?" என்றாள் மயூரதி.

"எனக்குப் பைத்தியமெண்டு மாமி ஊரெல்லாம் சொல்லிட்டாங்க மிஸ். இனி மகனுக்கும் சொல்லி என்னை விட வைப்பாங்க."

"சொன்னதைக் காதால கேட்டீங்களா?"

"கேக்கத் தேவல்ல. அவங்க பாத்த பார்வையே போதும்."

"அந்தப் பார்வையைப் பாத்தது நீங்களா, கரையில நிண்டு அழுத அஞ்சு வயசுப் பிள்ளையா?"

மயூரதி ஒரு வெறும் கதிரையை இழுத்து ஃபஹ்மியாவின் முன்னால் போட்டாள்.

"அந்தப் பிள்ளை இதில இருக்கிறா எண்டு நினைச்சு, அவவுக்கு ஏதும் சொல்லுங்க."

சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

"சரி. வாறதா இல்லையா எண்டு பிறகு பாப்பம். இண்டைக்கு ஒரேயொரு வேலை செய்யுங்க. மாமி என்ன சொன்னவ எண்டு, அந்தப் பெண்கள்ல ஒராளிட்டக் கேளுங்க."

பின்னேரம் ஊர் வந்து இறங்கியதும் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். ஃபஹ்மியா பாண் வாங்கக் கடைக்குப் போனாள். அங்கே றைஸா நின்றாள். காலையில் உச்சுக்கொட்டியவள் அவள்தான்.

"றைஸா ராத்தா, காலையில மாமி உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"வழமையாச் சொல்றதுதான். ஒனக்குத் தெரியாததா?"

"பரவால்ல, சொல்லுங்க."

"'எனக்கு மண்டை சரியில்ல, ராவையில தூக்கமில்ல, அதான் புத்தளத்துல காட்டுறன். மருமகதான் முகம் சுளிக்காமக் கூட்டிப் போறா'ண்டு சொன்னாங்க. ஒன்னப் பாக்கப் பாவமா இருந்திச்சி. கோவிக்காத புள்ள, அதனாலதான் எங்கட புள்ளைகள அவங்ககிட்ட ஓத அனுப்பாம நிப்பாட்டினோம்."

மாமியிடம் குர்ஆன் ஓத வந்த பதினைந்து பிள்ளைகள் மூன்றாகக் குறைந்ததற்கு மாமியின் வாய்தான் காரணம் என்று ஃபஹ்மியா இதுவரை நினைத்திருந்தாள். பாணை வாங்க மறந்து வீட்டுக்கு ஓடினாள்.

மாமி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமி என்ட பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

மாமிக்கு விளங்கிவிட்டது. நிமிராமலே சொன்னாள். "பின்ன? நாளைக்கு அஸ்காவுக்கு மாப்புள்ள பாக்கணும். தாய்க்கு மண்டை சரியில்லண்டா எவன் வருவான்? கெழவிக்குச் சரியில்லாட்டி யாருக்கென்ன நட்டம்?"

மீன் கை என்றும் பாராமல் ஃபஹ்மியா அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யா அல்லாஹ், இப்படி ஒருத்தியை எனக்குத் தந்துவிட்டு, நான் அறியாமலே இருந்தேனே என்று நெஞ்சு நிறைந்து வழிந்தது.

"இருந்தாலும், குர்ஆன் ஓதிக் குடுக்கிற நீங்க எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே மாமி."

"பொய்யா?" மாமி இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "மன்னார உட்டு வந்த நாள்லேருந்து எனக்கும் ராவையில தூக்கம் இல்ல புள்ள. கூட்டிப் போகத்தான் ஆள் இருக்கல்ல."