வேலிக்கு இந்தப் பக்கம்

மலையடிவாரத்தில் கம்பிவேலி போட்ட மூன்றாவது மழைக்கு ஊர்க்கிணறு ஊறிவிட்டது. மேலே ஆடு மேயாததால் புல் அடர்ந்து மழையைப் பிடித்து வைத்திருந்தது. வேலி வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் ஆட்டுக்காரர் வெள்ளைப்பாண்டிதான். அதற்கு முந்தின கோடையில், கிணறு வற்றி, தண்ணீர் லாரிக்கு முண்டிய நெரிசலில் விழுந்துதான் அவர் மருமகள் செல்லக்கனிக்கு வயிற்றுப்பிள்ளை கலைந்துபோனது.

இப்போது அவள் மறுபடி மாசமாக இருந்தாள். ஆடுகளுக்குத்தான் மேய இடமில்லை. விலா எலும்பு தெரிய வேலியோரம் நின்றன.

செல்லக்கனி வாளியோடு வந்தாள். "கிணத்துத் தண்ணி மாமா. குடிக்கட்டும், பாவம்."

ஆடுகள் வாளியை மோந்துவிட்டு, கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தின. அந்தப் பக்கம் புல் இடுப்புயரம் நின்றது.

"ஒரே ஒரு நாளு தொறந்துவிட்டா என்ன மாமா?"

"நம்ம தொறந்தா எல்லாரும் தொறப்பாக தாயி. அப்புறம் கிணறு?"

அவள் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். சினையாடு ஒன்று தள்ளாடி வந்து அவர் தோளில் தொங்கிய துண்டைக் கவ்வி மெல்லத் தொடங்கியது. அவர் குனிந்து, அதற்கு எட்டும்படி துண்டை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.