கல்சுவருக்கு என்ன அர்த்தம்?

"திருட்டு மேடம். இதுக்கு வேற பேரு கிடையாது."

பேராசிரியர் விஜயபாண்டி வீசிய விடைத்தாள் மேசையில் வழுக்கிப் போய், ஆங்கிலத் துறைத் தலைவர் சுந்தராம்பாளின் டீ கிளாஸில் முட்டி நின்றது.

எதிரே இரண்டாம் ஆண்டு மாணவி தங்கமாரி தலைகுனிந்து நின்றாள். பக்கத்தில் அவள் அம்மா வெள்ளைத்தாய். அருப்புக்கோட்டை நூல் மில்லில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தலையில் பஞ்சுத்தூசியோடு வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சுந்தராம்பாள் தாளை எடுத்தார். அமெரிக்கக் கவிதை ஒன்றைப் பற்றிய கேள்வி. பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர், நடுவே சரிந்த கல்சுவரை வருடத்துக்கொரு தரம் சேர்ந்து எடுத்துக் கட்டுகிறார்கள். அந்தச் சுவர் எதன் குறியீடு? பகைமையின் குறியீடு என்றுதான் எல்லாத் தாளிலும் இருக்கும்.

தங்கமாரி மேற்கோள் குறிக்குள் வேறு மாதிரி எழுதியிருந்தாள். அந்த இருவரும் முகம் பார்த்துக்கொள்ள வருடத்தில் அந்த ஒரு நாள்தான் உண்டு. சுவர் போனால் அந்த நாளும் போய்விடும்.

சொந்த ஊரான மல்லாங்கிணற்றில் தன் அப்பாவும் சித்தப்பாவும் எல்லைக்கல் நடும்போது மட்டும் பேசிக்கொண்டது சுந்தராம்பாளுக்கு ஞாபகம் வந்தது.

"நல்லாத்தான இருக்கு சார்?"

"உளறல் மேடம். இந்தக் கவிதையிலதான் நான் டாக்டரேட் வாங்கியிருக்கேன். உருப்படியா எழுதுன எவனும் இப்படிச் சொன்னதில்ல. ஏதோ ஒரு அரைவேக்காடு எழுதுனத இவ சுட்டிருக்கா. களையெடுக்கப் போன வீட்டுல இருந்து இந்த இங்கிலீஷு வருமா?"

வெள்ளைத்தாய் நிமிர்ந்தாள். "களையெடுத்தோம் சார், களவாங்கல. எம்மகள அப்படிச் சொல்லாதீக."

"அப்பக் கேளு, சொந்தமா எழுதுனாளான்னு!"

தங்கமாரி குனிந்தபடியே சொன்னாள். "இல்ல சார். புத்தகத்துல இருந்துதான் எடுத்தேன்."

வெள்ளைத்தாயின் முகம் செத்துப்போனது. "ஏன்டி, பஸ்ஸு ஏறி வந்து அசிங்கப்படத்தான் ஒன்னப் பெத்தேனா?" என்று மகளின் தோளில் ஓங்கி அறைந்தாள். மகள் அழவில்லை.

விஜயபாண்டி தயாராகக் கொண்டுவந்திருந்த கடிதத்தை நீட்டினார். "இந்த வருசம் பரீட்சை எழுத விடக்கூடாது. கையெழுத்துப் போடுங்க மேடம். ஒருத்திய விட்டா நாளைக்கு எல்லாரும் ஆரம்பிப்பாங்க."

சுந்தராம்பாள் பேனாவின் மூடியைக் கழற்றினார். மனசு வரவில்லை. வெள்ளைத்தாயின் முகத்தைப் பார்க்காமலே மகளிடம் கேட்டார்.

"மேற்கோள் போடத் தெரியுதுல்ல? யாரு எழுதுனதுன்னு பேரப் போட்டிருந்தா இந்த வம்பே இல்லையே. ஏம்மா போடல?"

"போட்டா ஐஸு வைக்கிறேன்னு கிளாஸுல கிண்டல் பண்ணுவாக மேடம்."

"ஐஸா? யாருக்கு?"

தங்கமாரி முதல்முறையாக நிமிர்ந்து விஜயபாண்டியைப் பார்த்தாள்.

"சாருக்குத்தான் மேடம். அது சாரோட பி.எச்.டி. தீசிஸு."