ஐந்திலிருந்து ஆறு வரை

தினமும் மாலை ஐந்து மணிக்கு எங்கள் கம்பெனியின் இணையதளம் படுத்துவிடும். ஆறு மணிக்குத் தானாகவே எழுந்து உட்காரும்.

சர்வரைக் கட்டி மேய்ப்பது நான். வருகைகள் பதிவாகும் லாக் கோப்புகளை அலசியதில், வெறும் எண்களாலான ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து யாரோ ஓயாமல் தளத்தைத் திறந்து திணறடிப்பது தெரிந்தது.

“எவனோ நம்ம மேல கண்ணு வச்சிருக்கான். போலீஸ்ல சொல்லிடு. இன்னொரு தடவை படுத்தா நீ வேற வேலை தேடிக்கோ,” என்றார் மேனேஜர்.

சொன்னேன். மறுநாள் ஐந்தரைக்கு மனைவி போன் செய்தாள்.

“வாசல்ல போலீஸ் நிக்குது. நம்ம கம்ப்யூட்டரைப் பாக்கணுமாம். எங்கப்பா கீபோர்டு மேல பேப்பர்வெயிட் வச்சிருக்கார், எடுக்கலாமா?”

“எதுக்கு வச்சார்?”

“பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கற பட்டனாம், அமுங்கியே இருக்கணுமாம். அவர் வாக்கிங் போற நேரம் கம்ப்யூட்டர் சும்மாத்தானே இருக்கு.”

“எந்தப் பக்கத்தை?”

“உங்க கம்பெனிதுதான். வெப்சைட்டுக்கு ஆளே வர்றதில்ல, வேலை போயிடும்னு அன்னைக்குப் புலம்பினீங்களே. ‘மாப்பிள்ளைக்கு என்னாலான கூட்டம்’னு சொல்லிட்டுப் போறார்.”