ஒன்றாம் நம்பர்

"அவ நம்ம ஆளே இல்ல, எர்னஸ்டீன். சாவியக் கொடுத்துட்டு நாளைக்கு என்கிட்ட வந்து அழாத!"

லவோண்டா மெதுவாகத்தான் சொன்னாள். இருந்தாலும் எர்னஸ்டீன் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சர்ச் ஹாலின் அந்தக் கோடியில் தாமசினா, ஸ்டூல் போடாமலே மேல் தட்டிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆறடிக்குக் குறையாத உயரம். எல்லோரையும் போல அவளும், காலேஜில் சேர்ந்து ஆயுள் முழுக்கத் தொடரும் அந்தப் பெண்கள் சங்கத்தின் ஆரஞ்சு கோட் போட்டிருந்தாள்.

"மூணு மாசமா ஒரு சனிக்கிழமை விடாம வர்றா. பாத்திரம் கழுவறா, மூட்டை தூக்கறா. பாவம், அவளப் போய்..."

"அதான் எனக்குச் சந்தேகமே! நம்ம ஆளுங்க யாராவது கூப்பிடாம வந்து பாத்திரம் கழுவியிருக்காங்களா?"

எர்னஸ்டீனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. சங்கத்தின் மேக்கன் நகரக் கிளைக்கு அவள்தான் தலைவி. பதினோரு மணிக்கு, முதியவர்களுக்கான சாப்பாட்டு வண்டிகள் கிளம்ப வேண்டும். படுக்கையை விட்டு எழுந்து வர முடியாத ஒன்பது பேர், தங்கள் வீட்டுச் சாவியையே சங்கத்திடம் நம்பிக் கொடுத்திருந்தார்கள். அந்த வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த பெர்னடீனுக்கு முழங்கால் ஆபரேஷன். 'நான் போறேனே' என்று தாமசினா தானாகக் கேட்டிருந்தாள்.

"சும்மா சொல்லல எர்னஸ்டீன். காலேஜ்ல நம்ம சங்கத்துல சேர்ந்தப்ப, அந்த வருஷம் சேர்ந்தவங்கள வரிசையா நிக்க வெச்சாங்களே, உன்னோட வரிசையில எத்தனை பேரு?"

"பதினாலு பேரு."

"நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் பதினாலு பேரோட பேரையும் சொல்லுவ. சொந்த அக்கா தங்கச்சிய மறந்தாலும் வரிசைக்காரிய மறப்போமா? இவ ஒரு பேரு சொல்லியிருக்காளா? ஒரு போட்டோ காட்டியிருக்காளா? போன மாசம் விருந்துல எல்லாரும் அவங்கவங்க வரிசைக் கதைய சொல்லிச் சிரிச்சோம். அப்ப இவ எங்க போனா?"

"பாத்திரம் கழுவப் போனா."

"பாத்தியா! முன்னாடி நிக்கறவ தோள்ல கை வெச்சு நடப்போமே, அந்த நடை கூட இவளுக்குத் தெரியல. 'நான் கத்துக்கல'ங்கறா. அதை விடு. கோட்டுக் கையில என்ன நம்பர் தெச்சிருக்கான்னு பாரு."

எர்னஸ்டீன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். ஒன்று. அதற்குக் கீழே, சேர்ந்த வருஷம்: 89.

"குள்ளமானவ முன்னாடி, நெட்டையானவ கடைசி. எந்த ஊரு காலேஜா இருந்தாலும் இதானே வரிசை? இவ்ளோ உயரத்த வெச்சுக்கிட்டு இவ ஒன்னாம் நம்பராம்! யாரோட கோட்ட எங்கேர்ந்து சுட்டாளோ?"

எர்னஸ்டீனின் வரிசையில் ஒன்றாம் நம்பர், தாமசினாவின் இடுப்பளவுக்குத்தான் இருப்பாள். தலைமை அலுவலகத்திலிருந்து தாமசினாவின் உறுப்பினர் பேப்பர் இன்னும் வரவில்லை. அந்த ஒன்பது பேரும் ஆரஞ்சு கோட்டைப் பார்த்தாலே நம்பிவிடுவார்கள்.

"கொஞ்சம் இங்க வாங்க சிஸ்டர்" என்று கூப்பிட்டாள்.

தாமசினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சாவியா? நான் ரெடி."

"அதுக்கு முன்னாடி ஒன்னு. உங்க வரிசையில யாராவது ஒருத்தர் பேரு சொல்லுங்க. ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்."

தாமசினாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது.

"ரெண்டாம் நம்பர் யாரு? உங்களுக்குப் பின்னாடி நின்னவங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "அத... விடுங்களேன், சிஸ்டர். பேப்பர் வரட்டும். அதுவரைக்கும் நான் பாத்திரமே கழுவறேன்."

"பேப்பரெல்லாம் எதுக்கு?" என்று லவோண்டா குறுக்கே வந்தாள். "ஒடெஸா அம்மாதானே அந்தக் காலத்துல உங்க காலேஜ் பொண்ணுங்கள சேர்த்துவிட்டது? நேத்துதான் நம்பரத் தேடிப் பிடிச்சேன்."

"வேண்டாம், ப்ளீஸ்" என்றாள் தாமசினா.

அந்த 'வேண்டாம்' எர்னஸ்டீனின் மனதைக் கல்லாக்கியது. லவோண்டாவின் போனை வாங்கி, அந்த நம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த மற்ற பெண்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யாரு?" நடுங்கும் வயதான குரல்.

"மேக்கன் கிளையிலேர்ந்து எர்னஸ்டீன் பேசறேன், அம்மா. எண்பத்தொம்பதாம் வருஷத்து வரிசை உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அத மறப்பேனா!"

"அதுல ஒன்னாம் நம்பர் யாரும்மா?"

"தாமசினா."

லவோண்டா விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இங்க ஒருத்தங்க ஆறடி உயரத்துல நிக்கறாங்க. இவங்க எப்படிம்மா ஒன்னாம் நம்பர் ஆக முடியும்? அந்த வரிசையில குள்ளமா ஒருத்தி இருந்திருக்கணுமே?"

அந்தப் பக்கம் கிழவி சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அந்த வருஷம் சேர்ந்ததே அவ ஒருத்திதான், கண்ணு. அந்த வரிசையில குள்ளமும் அவதான், நெட்டையும் அவதான்."