மெர்வினின் பழைய கார்டு

அந்த ஒரே ஒரு ஆளால் காரியம் நடக்காமல் நின்றது.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இருக்கும் டாம்சினுக்கு, உலகமெங்கும் இலவசமாக ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பொறுப்பு உண்டு. கணினித் திரையில் படம் காட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டுகளை இயக்கும் மென்பொருள்களை, அதாவது டிரைவர்களைப் பார்த்துக்கொள்வது. அதில் ஒன்று தீராத தலைவலி. தூங்கிய திரையை எழுப்பும் நேரம் பார்த்துக் கெர்னலையே சாய்த்துவிடும். கெர்னல்தான் கணினிக்கு உயிர்நாடி. அது சாய்ந்தால் மவுஸ் நகராது, கீபோர்டு கேட்காது. பிளக்கைப் பிடுங்கினால்தான் உண்டு.

அந்தக் கார்டு கடைகளில் வருவது நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. டாம்சினிடமே ஒன்றுகூட இல்லை. கையில் இல்லாத கார்டுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது? டிரைவரையே லினக்ஸிலிருந்து தூக்கிவிடலாம் என்று தன் குழுவுக்கு மெயில் போட்டாள். எல்லோரும் சரி என்றார்கள்.

மெர்வின் ஸ்டபிங்ஸ் மட்டும் வேண்டாம் என்றார். ஹோபார்ட்டிலிருந்து காரில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய பர்னியில் இருப்பவர், தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘எனக்கு அது வேண்டும், தூக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தார். ஒருவர் பயன்படுத்தினாலும் தூக்கக்கூடாது என்பது குழுவின் வழக்கம். அதனால் எல்லாம் நின்றது.

கேலிக்கு மட்டும் குறைவில்லை. குழுவில் இருக்கும் டூகல் வெல்லிங்டனிலிருந்து, அந்தக் கார்டை அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கூடவே நீங்களும் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று எழுதினான். மெர்வின் கோபித்துக்கொள்ளவில்லை. டிரைவர் ஓடினால் போதும், உட்காரத் தயார் என்று பதில் போட்டார்.

தூக்க முடியாததால் டாம்சின் டிரைவரைச் சரிசெய்யப் பார்த்தாள். ஒரு திருத்தம் அனுப்பினால் மெர்வினிடமிருந்து பதில் வர நாளாகும். வருவதும் சாய்ந்துபோன திரையின் மங்கல் போட்டோ. முக்கியமான வரிகள் மேலே ஓடி மறைந்திருக்கும். புதுக் கார்டு சும்மாவே தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றதற்கும் மழுப்பினார்.

இந்த மனிதரிடம் அந்தக் கார்டு இருக்கிறதா, இல்லை வீம்புக்கு வம்பு பண்ணுகிறாரா? ஒரு சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கதவைத் திறந்தவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ஸ்காலப் ‘பை’யை, மாவுக்குள் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட பலகாரத்தை, தட்டில் வைத்தார். மேஜை மேல் புத்தம்புது லேப்டாப். வீட்டில் வேறு கணினியே கண்ணில் படவில்லை.

“கார்டு எங்க மெர்வின்?”

“இங்க இல்லம்மா.”

“இல்லாத கார்டுக்காகவா எங்க எல்லாரையும் இத்தனை நாள் இழுத்தடிச்சீங்க?”

அவர் லேப்டாப்பைத் திறந்து யாரையோ அழைத்தார். திரையில் பூப்போட்ட உடுப்பில் ஒரு பெண் வந்தாள். பின்னால் ஒரு வகுப்பறை, வரிசையாகப் பழைய கணினிகள்.

அவள் பெயர் லோசலீன். பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா நாட்டில் ஒரு சின்னத் தீவின் பள்ளி ஆசிரியை. மெர்வினும் அவருடைய சர்ச்சுக்காரர்களும் சேகரித்து அனுப்பிய கணினிகள்தான் அவை. எல்லாவற்றிலும் அந்தக் கார்டு. பாடம் பாதியில் இருக்கும்போது ஒவ்வொன்றாக உறைந்து நிற்குமாம். டாம்சின் அனுப்பிய திருத்தங்களையெல்லாம் மெர்வின் அங்கே அனுப்பி, லோசலீன் போட்டுப் பார்த்துத்தான் பதில் வந்திருக்கிறது.

டாம்சினுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஞாயிறு, தீவில் ஒரு வேலையும் நடக்காது, முடிந்தால் இன்றைக்கே பார்த்துவிடலாமா என்று லோசலீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

சாகப்போகிற கணினி கடைசியாகச் சொல்வதை, ஒரு கேபிள் வழியாகப் பக்கத்துக் கணினியில் எழுத வைக்கலாம். எந்தக் கேபிளை எங்கே சொருகுவது, என்ன தட்டுவது என்று டாம்சின் சொல்லச் சொல்ல லோசலீன் செய்தாள். திரையைத் தூங்க வைத்து எழுப்பினார்கள். கணினி செத்தது. ஆனால் இந்தத் தடவை, சாகும்முன் அது சொன்னது ஒரு வரி விடாமல் வந்து சேர்ந்தது.

படித்ததும் டாம்சினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூங்கப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை, எழுந்ததும் இன்னும் தன்னுடையது என்று நினைத்துத் தொட்டிருக்கிறது டிரைவர். இரண்டு வரித் திருத்தம். எழுதி அனுப்பினாள்.

லோசலீன் திரையைத் தூங்க வைத்து எழுப்பினாள். படம் வந்தது. நம்பாமல் மறுபடி செய்தாள். மறுபடியும் வந்தது. அடுத்த கணினியிலும் போட்டுப் பார்த்தாள், அதுவும் எழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெர்வின் பலகாரத் தட்டைக் கேமரா முன்னால் தூக்கிக் காட்டி, உன் பங்கையும் நானே சாப்பிடுகிறேன் என்றார்.

அழைப்பு முடிந்தது. இனி அந்த டிரைவரைத் தூக்கும் பேச்சே இல்லை. ஆறிப்போன பலகாரமும் டாம்சினுக்கு அமிர்தமாக இருந்தது. ஒன்று மட்டும்தான் உறுத்தியது.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே மெர்வின்? தீவுப் பள்ளிக்கூடத்துக்குன்னு தெரிஞ்சிருந்தா யாராவது கேலி பண்ணியிருப்போமா? நாங்க ஒண்ணும் அவ்வளவு மோசமானவங்க இல்ல.”

மெர்வின் அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

“உங்க குழுவுக்கு முதல்ல எழுதினதே லோசலீன்தாம்மா. அவ இங்கிலீஷைப் பார்த்து நீங்கல்லாம் சிரிச்சீங்க. அப்புறம்தான், இனிமே சிரிக்கிறதுக்கு என் பேர் இருந்துட்டுப் போகட்டும்னு நான் எழுத ஆரம்பிச்சேன்.”