ஆபீசருக்கு ஒரு மாலை

"ஐயா, கொஞ்சம் தலையக் குனிங்க லா. மாலை எட்ட மாட்டேங்குது."

சீனிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஸ்பானர் பையைத் தோளில் மாட்டியதுதான் தாமதம், லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் மொத்தப் பேரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்ற இருளாயி அம்மாள் எம்பி எம்பி, இட்லிப்பூ மாலையை அவன் கழுத்தில் போட்டே விட்டாள்.

"அம்மா, நீங்க என்னை யாரோன்னு நெனச்சுக்கிட்டு..."

"ஈப்போவுலருந்து ஆபீசர் வருவாருன்னு சொன்னாங்க. வந்துட்டீங்க. அப்புறம் என்ன?"

ஆபீசராம்! சீனி தண்ணீர் ஆபீசில் தினக்கூலி. பீடோர் டவுனிலிருந்து, சுங்காய் ஊர்ப் பக்கமிருந்த இந்தப் பழைய ரப்பர் தோட்டத்துக்கு அவன் வந்ததே, லயத்துக்குப் போகும் தண்ணீரை நிறுத்தத்தான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த லயத்தின் தண்ணீர்க் கட்டணம் யார் தலையில் என்று ஈப்போவில் இரண்டு அரசாங்க ஆபீசுகள் எட்டு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஈயம் விலை விழுந்து எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்த எண்பத்தாறாம் வருடம் அது. பேச்சு முடியும் வரை தண்ணீர் கிடையாது என்று உத்தரவு வந்திருந்தது.

"வால்வ மூடாம வந்தே, நாளைக்கு வேலைக்கு வராதே" என்று அவனை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி காலையில் கத்தித்தான் அனுப்பியிருந்தார். "முன்ன போனவனெல்லாம் வால்வு துருப்பிடிச்சிருக்கு, திருக முடியலன்னு வந்து நிக்கிறான். பெரிய ஸ்பானரா எடுத்துக்க. சோத்துப் பொட்டலத்த வச்சிட்டுப் போ, சும்மா கனம்."

மனுஷன் எப்போதும் அப்படித்தான், சிடுசிடுவென்று. ஆனால் சொன்னதைச் செய்யக்கூடியவர். சீனியின் மனைவிக்கோ ஏழாம் மாதம். இந்த நேரத்தில் வேலை போனால் வளைகாப்புக்கு வளையல்கூட வாங்க முடியாது.

"அம்மா, நான் ஆபீசர் இல்ல. குழா வேலைக்காரன்" என்றான் மறுபடியும்.

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" இருளாயி கூட்டத்தைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள். "பெரிய எடத்துல இருக்கறவங்க இப்படித்தான் பேசுவாங்க."

ரப்பர் பால் வெட்டிக் கை காய்த்துப்போன பத்துமலை முன்னால் வந்தார். அவருக்கு எட்டு மாதக் கோபம்.

"எத்தன நாளைக்குத்தான் பேசுவானுங்க ஐயா? இவன் கடன் பாக்கி இருக்குங்கறான், அவன் பட்ஜெட் வரட்டும்ங்கறான். மேசையச் சுத்தி ஒக்காந்து கோப்பி குடிக்க வேண்டியது, அடுத்த மாசம் பாக்கலாம்னு எந்திரிச்சுப் போக வேண்டியது. நானும் எம் பொண்டாட்டியும் இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா எங்க வீட்டு அடுப்பு எரியுமா லா?"

"எரியாதுண்ணே" என்றான் சீனி, தன்னை மறந்து. "என் சம்பள உயர்வும் அதே மேசையிலதான் கெடக்கு."

"ஆபீசருக்கே இந்தக் கதின்னா நாம எங்க போறது!" பத்துமலை தலையில் அடித்துக்கொண்டார்.

சிரிப்பு வந்தது சீனிக்கு. அடக்கிக்கொண்டான். அதற்குள் இருளாயி வீட்டில் இலை விழுந்துவிட்டது. கோழிக்கறி, நெத்திலி சம்பல், மரவள்ளிக் கீரை. வேண்டாம் என்று எழுந்தவனைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சாப்பிடாமப் போனா எங்களுக்கு என்ன மரியாத? வீட்டுல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி. மாசமா இருக்குங்க."

"அப்படியா!" அவள் முகம் மலர்ந்தது. "மாங்கா ஊறுகா போத்தல்ல போட்டுத் தாரேன், கொண்டு போங்க. வாய்க்கு நல்லாருக்கும்."

சீனி வெட்கத்தை விட்டுச் சாப்பிட்டான். வெறும் வயிற்றோடு வந்தவனுக்கு அந்தச் சாப்பாடு அமிர்தமாக இருந்தது. கை கழுவ வாசல் குழாயைத் திருகிவிட்டாள் இருளாயி. தண்ணீர் குளுகுளுவென்று அவன் கையில் விழுந்தது.

லயத்தின் கடைசியில், கோயிலுக்குப் பின்னால் இருந்தது வால்வு. சீனி ஸ்பானரோடு அதன் முன்னால் குந்தினான். துருவாவது ஒன்றாவது! கிரீஸ் பூசி, பளபளவென்று இருந்தது. ஒரு திருகு திருகினால் போதும், அத்தனை வீட்டுக் குழாயும் வறண்டுவிடும்.

கை நனைத்த வீடு. அந்த வீட்டுத் தண்ணீரை எந்தக் கையால் நிறுத்துவது?

மண்டோரின் முகம் கண் முன்னால் வந்தது. மனைவியின் முகமும் வந்தது. வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தவன், கடைசியில் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

பின்னால் இருளாயி நின்றிருந்தாள், ஊறுகாய்ப் போத்தலோடு.

"தம்பி, வால்வு துருப்பிடிச்சிருக்கு, திருக முடியலன்னு சொல்லிடுங்க."

சீனி திகைத்துப்போனான். "தம்பியா? அப்ப... நான் ஆபீசர் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஸ்பானர் பையத் தூக்கிக்கிட்டு எந்த ஆபீசர் லா வருவாரு?" அவள் சிரித்தாள்.

"எல்லாம் சரிம்மா. எங்க மண்டோரு நம்ப மாட்டாரே. என் வேலை போயிடும்."

"யாரு, சன்னாசியா?" அவன் கழுத்தில் கோணலாகக் கிடந்த மாலையைச் சரிசெய்தபடி இருளாயி சொன்னாள். "இந்த லயத்துல மொத மாலை வாங்கின ஆபீசரே அவருதான், தம்பி."